பின்வந்த சுற்றம்: சிலப்பதிகார வாழ்த்துக் காதையில் உடன்போக்குத் துறையின் நிறைவு

சிலப்பதிகாரம் நெடுவழி நடந்தோரின் காப்பியம். புகாரிலிருந்து மதுரை வரை கோவலனும் கண்ணகியும் நடந்த நடையும், மதுரையிலிருந்து வையைக் கரை பற்றிக் கண்ணகி தனித்து நடந்த நடையும் அறிஞர் பலரால் விரிவாக ஆராயப்பெற்றுள்ளன. மூன்றாவதாக ஒரு நடையும் இக்காப்பியத்தில் உண்டு. கண்ணகியின் செவிலித்தாயும் அடித்தோழியும் தேவந்தியும் அவளைக் காணவேண்டிப் புகாரைவிட்டுப் புறப்படுகின்றனர். மதுரை சேர்ந்து, அங்கு மாதரியின் மகள் ஐயையையும் உடன்கூட்டிக்கொண்டு, அவள் சென்ற ஆற்றங்கரையிலேயே நடந்து மலையேறி அவள் கோட்டத்தை அடைகின்றனர். வாழ்த்துக் காதையின் முகப்பிலுள்ள உரைப்பாட்டு மடை இதனைச் சில அடிகளில் சொல்லிச் செல்கிறது. திறனாய்வாளரும் அவ்வளவு விரைவாகவே அதனைக் கடந்து சென்றுவிட்டனர்.

இப்புறக்கணிப்புக்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. அடியார்க்குநல்லார் உரை வஞ்சிக் காண்டத்திற்குக் கிடைக்கவில்லை. அரும்பதவுரை ஒன்றே பழைய துணை. உ.வே.சாமிநாதையர் 1892ஆம் ஆண்டு வெளியிட்ட பதிப்பிற்குப் பின்னர் எழுந்த ஆய்வுகளில் வஞ்சிக் காண்டம் பெரிதும் வரலாற்றுச் சான்றாகவே பயன்பட்டது. செங்குட்டுவனின் வடநாட்டுச் செலவு, கயவாகு மன்னனின் காலம், வஞ்சி கருவூரா கொடுங்கல்லூரா என்னும் வினா ஆகியன அறிஞர்தம் கவனத்தை ஈர்த்துக்கொண்டன. இக்காண்டம் முழுமையும் பிற்சேர்க்கை என்னும் கருத்தும் எழுந்ததுண்டு. கதை மதுரையோடு முடிந்துவிட்டது, எஞ்சியது அரசனின் புகழ் என்று கருதுவோர்க்கு நான்கு பெண்களின் நடை பொருட்டாகத் தோன்றாமை வியப்பன்று. ஆயின் வஞ்சிக் காண்டத்தின் உள்ளீடு அரசனின் செலவன்று, சுற்றத்தாரின் செலவே என்பதும், சங்க அகமரபு முடிக்காது விட்ட ஒரு துறையை இளங்கோவடிகள் அங்கே முடித்துவைக்கிறார் என்பதும் இக்கட்டுரை முன்வைக்கும் கருத்தாகும்.

இடைச்சுரத்தில் நிற்கும் தாய்

உடன்போக்கில் தலைவி நீங்கியபின் வீட்டில் இருவர் துயருறுகின்றனர். ஒருத்தி ஈன்ற நற்றாய். மற்றவள் வளர்த்த செவிலி. நற்றாய் பெரும்பாலும் மனையிலிருந்தே புலம்புகிறாள். காட்டுவழியில் மகளைத் தேடிப் போகிறவள் செவிலி. தொல்காப்பிய அகத்திணையியல் இத்தேடலுக்குச் சேரி, சுரம் என்னும் இரண்டையும் இடமாக வகுத்துள்ளது. வழியில் எதிர்ப்படும் கண்டோர், தாயின் நிலையறிந்து அவளைத் தடுத்து நிறுத்துதலையும் விடுத்து அனுப்புதலையும் அவர்தம் கூற்றுகளாகச் சுட்டுகிறது. தாய் மகளைக் கண்டாள் என்பதற்கு அங்கு இடம் வகுக்கப்பெறவில்லை. இடைச்சுரத்தில் அவள் காண்பது பிறரையே.

இதனைப் பாடல்களில் தெளிவாகக் காணலாம். குறுந்தொகை 44ஆம் பாடலில் வெள்ளிவீதியாரின் செவிலி நடந்து நடந்து கால் ஓய்ந்தும் பார்த்துப் பார்த்துக் கண்ணொளி மழுங்கியும் நிற்கிறாள். எதிரே வருவோர் விண்மீன்களினும் பலர்; அவருள் அவள் தேடும் இருவர் இலர். பாலை பாடிய பெருங்கடுங்கோவின் பெயரால் வழங்கும் பாலைக்கலியில் (கலி. 9) செவிலி முக்கோல் ஏந்திய அந்தணரை வினவுகிறாள். சந்தனம் மலையிற் பிறந்தும் பூசுவார்க்கே பயன்படுகிறது. முத்து கடலிற் பிறந்தும் அணிவார்க்கே பயன்படுகிறது. இசை யாழிற் பிறந்தும் இசைப்பார்க்கே பயன்படுகிறது. மகளும் அத்தகையளே என்று அவர்கள் அவளைத் தேற்றித் திருப்பி அனுப்புகின்றனர். அவ்வறிவுரையின் அழகு பலராலும் பாராட்டப்பெற்றுள்ளது. அதனைக் கேட்டபின் செவிலி எவ்வாறு வீடு திரும்பினாள் என்பதைப் பாட்டு சொல்லவில்லை. உவமை நிறைவுற்றது, தாயின் நடை பாதியில் நின்றது.

மறுபுறம், வழிச்செல்லும் இருவரும் சுற்றத்தாரை எதிர்பார்த்து அஞ்சியே நடக்கின்றனர். நற்றிணை 362ஆம் பாடலில், பகைவர் வரின் எதிர்நின்று பொருவேன் என்னும் தலைவன், உன் சுற்றத்தார் வரின் மறைந்துகொள்வேன் என்கிறான். ஐங்குறுநூறு 312இல், தமர் பின்வந்தபோது தலைவனை மறைத்துக் காத்த குன்றைத் தலைவி வாழ்த்துகிறாள். வழிநடுவே சுற்றத்தைச் சந்தித்தல் அகமரபில் தாய்க்கு வாய்க்காத விழைவு. காதலர்க்கோ தவிர்க்கவேண்டிய இடர். செவிலி சுரத்தின் நடுவே மகளைக் கண்டு நின்றதாக ஒரு பாடலைச் சுட்டுதல் அரிது.

ஓதலாந்தையார் இச்சிக்கலை ஐங்குறுநூற்றுப் பாலையில் முப்பது பாடல்களாகத் தொடர்ந்து எடுத்துரைக்கிறார். மகட்போக்கியவழித் தாயிரங்கு பத்து (371-380), உடன்போக்கின்கண் இடைச்சுரத்துரைத்த பத்து (381-390), மறுதரவுப் பத்து (391-400) ஆகிய மூன்றும் வரிசையாக நிற்றல் கருதத்தக்கது. இழப்பு, வழி, மீட்சி என்னும் ஒழுங்கு இவ்வரிசையில் உண்டு. இவற்றுள் மூன்று பாடல்கள் நம் ஆய்விற்கு இன்றியமையாதவை. 377ஆம் பாடலில் தாய், பந்தையும் பாவையையும் கழங்கையும் எமக்கு விட்டுவிட்டு மகள் போய்விட்டாள் என்கிறாள். 384ஆம் பாடலில் தலைவி, தொலைவிடம் நோக்கி மெல்ல நடந்து செல்லும் அந்தணரைக் கண்டு, தான் அருஞ்சுரம் கடந்துவிட்டதை ஊரிலுள்ள தன் ஆயத்தார்க்குச் சொல்லுமாறு இரந்து வேண்டுகிறாள். 399ஆம் பாடலில் மகளின் தாய், சிலம்புகழி நோன்பைத் தலைவனின் வீட்டில் நடத்தினாலும் திருமணத்தை எம் வீட்டில் நடத்தலாகாதா என்று தலைவனின் தாயைக் கேட்கவேண்டும் என ஏங்குகிறாள். விட்டுச்சென்ற விளையாட்டுப் பொருள், அந்தணர்வழிச் செய்தி, சிலம்பு ஆகிய இம்மூன்றும் சிலப்பதிகாரத்தில் மீண்டும் வருகின்றன. ஆனால் இடம்மாறி வருகின்றன.

கோசிகன் கொணர்ந்த ஓலை

கண்ணகி மணமானவள், ஆதலின் அவள் செலவை உடன்போக்கு என்னல் பொருந்துமா என்னும் தடை இங்கு எழலாம். இலக்கண நோக்கில் பொருந்தாதுதான். எனினும் பெற்றோர் அறியாமல் இருளில் புறப்படுதல், வழியின் கொடுமை, எதிர்ப்படுவோர் இவர் யாரென வினவுதல், அந்தணர் செய்தி சுமத்தல் எனத் துறைக்குரிய கூறுகள் அனைத்தையும் அடிகள் இச்செலவில் அமைத்துள்ளார். மணமான இணையரை உடன்போக்கின் வழியில் நடக்கவிட்டிருப்பது தற்செயலன்று. முப்பது காதத் தொலைவை அறியாது, முதற் காதம் கடந்ததுமே மதுரை எது எனக் கேட்கும் கண்ணகி, அகப்பாடல்களின் தலைவிக்கு மிக நெருங்கியவள்.

நாடுகாண் காதையில் வழிப்போக்கர் இருவர் இவர்களைப் பற்றி இழிவாக வினவ, கவுந்தியடிகள் இவர்கள் தம் மக்கள் என்கிறார். ஒரு வயிற்றிற் பிறந்தோர் கணவன் மனைவியாவரோ என அவர்கள் எள்ளி நகையாடி நரிகளாகச் சபிக்கப்பெறுகின்றனர். சமணத் துறவியின் சினம் பற்றிய விவாதத்தில் இவ்விடம் பெரிதும் பேசப்பட்டுள்ளது. நான் கருதுவது கவுந்தியின் சொல்லையே. புகாரில் இரு தாயரையும் விட்டு வந்தவர்களுக்கு, வழியில் ஒரு தாய் தானே உண்டாகிவிட்டாள். அவர் பின்னர்க் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலம் தருகிறார். மாதரியின் மகள் ஐயை கண்ணகிக்கு நாத்தூண் நங்கை ஆகிறாள். ஆகவே, பிறந்த சுற்றம் புகாரில் இருக்க, வழியில் வேறொரு சுற்றம் தோன்றி வளர்கிறது.

புகார்ச் சுற்றம் இவர்களை முதன்முதலில் எட்டிப்பிடிப்பது புறஞ்சேரி இறுத்த காதையில். வெயிலுக்கு அஞ்சி நிலவில் நடந்து, விடியலில் அந்தணர் உறைபதி ஒன்றை அடைகின்றனர். கண்ணகியைக் கவுந்தியோடு காவலான இடத்தில் இருத்திவிட்டுக் கோவலன் காலைக்கடன் கழிக்க நீர்நிலைக்குச் செல்கிறான். அங்கே கோசிகன் என்னும் அந்தணன், துயரால் உருமாறிய கோவலனை அடையாளம் காணமுடியாமல், வாடிய மாதவிக் கொடியைப் பார்த்து அதே பெயருடைய பெண்ணின் வாட்டத்தைச் சொல்வதுபோலப் பேசிக் கண்டறிகிறான். நாட்கணக்கில் நடந்தோரைத் தம்மவரும் அடையாளம் காணமாட்டார் என்னும் உண்மையை அடிகள் இவ்வளவு நுட்பமாகக் காட்டியிருப்பது வியப்பிற்குரியது. மணியிழந்த நாகம் போன்ற பெற்றோர், உயிரிழந்த உடல் போன்ற சுற்றம், நாற்றிசையும் தேடிச் சென்ற ஏவலர் எனக் கோசிகன் வழியே புகார் முழுமையும் அந்நீர்நிலைக் கரைக்கு வந்து சேர்கிறது. மாதவியின் ஓலையும் கைக்கு வருகிறது.

கோவலன் அதனைப் படித்து, மாதவி தவறிலள் எனத் தெளிந்து, அதே ஓலையைத் தன் தந்தைக்குக் காட்டுமாறு திருப்பி அனுப்புகிறான். காதலி காதலனுக்கு எழுதிய சொற்கள் மகன் பெற்றோர்க்கு எழுதியன போலவே பொருந்துகின்றன என்னும் நயத்தை உரையாசிரியர்களும் பிறரும் வியந்துள்ளனர். நயம் உண்டுதான், அந்நயத்தின் கீழே ஒரு கொடுமையும் உண்டு. பெரியோர்க்குப் பணிசெய்தலை விட்டுக் குலமகளோடு இரவில் கழிந்தமை அவ்வோலையில் குறிக்கப்பெறுகிறது. திரும்பிச் சென்ற ஓலையில் கண்ணகியைக் குறிக்கும் சொல் அது ஒன்றே. அதனை எழுதிய கை மாதவியுடையது. ஐங்குறுநூற்றுத் தலைவி வழியில் கண்ட அந்தணரிடம் தானே செய்தி சொல்லி அனுப்பினாள். கண்ணகியோ அந்தணனைக் காணவே இல்லை. சிறிது தொலைவில் கவுந்தியோடு இருந்த அவளிடம், வீட்டிலிருந்து ஒருவன் வந்தான் எனக் கோவலன் கூறியதாகவும் காப்பியம் சொல்லவில்லை. பெற்றோரின் துயரைக் கோவலன் அவளிடம் எடுத்துரைப்பது கொலைக்களக் காதையில், இறுதிப் பிரிவின் விளிம்பில்தான். கோசிகன் வருகையில் கோவலன் தன் சுற்றத்தைப் பாதியளவேனும் அடைந்தான். கண்ணகிக்கு அப்பாதியும் இல்லை. அடிகள் இச்சந்திப்பில் அவளை விலக்கி வைத்தது பின்னர் வரும் சந்திப்புக்காகவே எனக் கருதுகிறேன்.

செய்தி சுமக்கும் மற்றோர் அந்தணனாகிய மாடலனின் பங்கும் இங்குக் கருதத்தக்கது. அடைக்கலக் காதையில் கோவலனைக் கண்டு மகிழ்ந்து பேசியவன், நீர்ப்படைக் காதையில் கங்கைக் கரையில் செங்குட்டுவனிடம் தான் சுமந்த செய்தி செய்த அழிவைச் சொல்கிறான். மாதரி தீப்புகுந்தாள், கவுந்தி உண்ணாநோன்பால் உயிர்நீத்தார், புகாரில் தாயர் இருவரும் மாய்ந்தனர், தந்தையர் இருவரும் துறவு பூண்டனர். தன் வாய்ச்சொல் கேட்டோர் இறந்தமையால் அப்பழி நீங்கக் கங்கையாட வந்ததாகக் கூறுகிறான். நற்றாயர் வீட்டிலிருந்தே இறந்துபட்டனர் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அகமரபில் நற்றாய் மனையில் புலம்புவாள், செவிலி வழியேறுவாள். அடிகள் அம்மரபை இம்மியும் பிறழவிடவில்லை.

நால்வர் ஏறிய மலை

செவிலி வழியேறுவது வாழ்த்துக் காதையில். அவளோடு அடித்தோழியும் தேவந்தியும் வருகின்றனர். மதுரையில் அவர்கள் செல்லுமிடம் அரண்மனையன்று, எரியுண்ட மாடவீதியன்று. அடைக்கலம் இழந்தமைக்காக உயிர்நீத்த இடைக்குல மகளின் மனை. அங்குள்ள ஐயை அவர்களோடு சேர்கிறாள். புகார்ச் சுற்றமும் வழிச்சுற்றமும் ஒன்றாகும் இடம் இது. நால்வரும் வையைக் கரை பற்றிச் சென்று மலைமீது ஏறுகின்றனர். கட்டுரைக் காதையில் கணவனை இழந்த கண்ணகி இரவும் பகலும் அறியாது தனித்து நடந்த அதே கரை. அவள் பதினான்காம் நாள் வேங்கை நிழலில் வானோர் வடிவிற் கணவனைக் கண்டாள். இவர்கள் காண்பது கல்லில் அமைந்த படிமம்.

இவ்வழி பற்றி நிலவியல் அடிப்படையில் ஒன்று கூறலாம். பாண்டி நாட்டையும் கொங்கு நாட்டையும் மலைநாட்டோடு இணைக்கும் வழிகளுள் எளியது பாலக்காட்டுக் கணவாய். மேற்குமலைத் தொடர் ஏறத்தாழ 30 கி.மீ. அகலத்திற்குத் தாழ்ந்து வழிவிடும் இடம் அது. பொள்ளாச்சியிலிருந்து மேற்கே செல்வோர் எல்லையூரான மீனாட்சிபுரத்தைக் கடந்து சித்தூர் வட்டத்திற்குள் நுழையும்போது மலையேறுவதில்லை. தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் சமவெளியில் நடந்தே சேரநாடு புகலாம். உரைப்பாட்டு மடையோ வையைக் கரையையும் மாமலை ஏற்றத்தையும் ஒருங்கே கூறுகிறது. ஆதலின் இப்பெண்களின் வழி, கண்ணகியின் வழியைப் போலவே, தெற்கே கம்பம் பள்ளத்தாக்கை ஒட்டிய மலைமுகடுகளை நோக்கியது எனக் கொள்ளல் பொருந்தும். எளிய வழி இருக்க அரிய வழியை அவர்கள் தேர்ந்தது, அவள் சென்ற தடத்திலேயே செல்லவேண்டும் என்பதனால்.

இத்தடத்தைக் காலால் நடந்து ஆராய்ந்தவர் பேராசிரியர் சி.கோவிந்தராசனார். 1963ஆம் ஆண்டில் அவர், இடுக்கி, தேனி மாவட்டங்களின் எல்லையில், கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் பெரியாறு காட்டுப்பகுதியை ஒட்டியுள்ள மங்கலதேவிக் கோயிலே கண்ணகி கோட்டம் என அறிவித்தார். வரந்தரு காதையில் வரும் மங்கல மடந்தை கோட்டம் என்னும் பெயரோடு மங்கலதேவி என்னும் பெயர் இயைவது அவர் கருத்திற்கு வலுவூட்டுகிறது. அவரது நூலுக்குக் 'கண்ணகியார் அடிச்சுவட்டில்' என்பதே பெயர். இவ்வடையாளம் குறித்து மாற்றுக் கருத்துகளும் உள்ளன. இக்கட்டுரையின் வாதம் அதனைச் சார்ந்து நிற்பதன்று. எனினும் ஆய்வாளர் ஒருவர் காப்பிய மாந்தரைப் பின்தொடர்ந்து நடந்தார் என்பதும், அவர் நடைக்கு முன்மாதிரி காப்பியத்திற்குள்ளேயே இருந்தது என்பதும் நினைக்கத்தக்கன. இன்றும் சித்திரை முழுநிலா ஒருநாள் மட்டும், இரு மாநில நிருவாகங்களும் கூடி வழிவிட, தமிழகப் பக்கத்தில் பளியங்குடியிலிருந்து மக்கள் அம்மலையேறுகின்றனர்.

கேரள வழிபாட்டு மரபும் கண்ணகியின் நடையை இடைநிறுத்தி அவளுக்கு ஒரு வீட்டைத் தந்துள்ளது. மதுரையிலிருந்து கொடுங்கல்லூர் செல்லும் வழியில் அவள் ஆற்றுகாலில் தங்கினாள் என்பது திருவனந்தபுரத்து ஆற்றுகால் கோயிலின் தலவரலாறு. கிள்ளியாற்றங்கரையில் கண்ட சிறுமியை இல்லத்துப் பெரியவர் ஒருவர் தம் வீட்டிற்கு அழைத்துச் சென்றார் என்கின்றனர். அங்குப் பாடப்பெறும் தோற்றம் பாட்டு கண்ணகி கதையையே பொருளாகக் கொண்டது. சுற்றமிழந்து நடப்பவளுக்கு வழியில் ஒரு வீடு வேண்டும் என்னும் உணர்வு, மாதரி மனையை அமைத்த புலவர்க்கும் ஆற்றுகால் மக்களுக்கும் பொதுவாக இருந்திருக்கிறது.

கேட்டாயோ, காணாயோ

கோட்டத்தை அடைந்தவர்கள் செங்குட்டுவனிடம் தம்மை அறிமுகம் செய்துகொள்கின்றனர். மூவரும் தம் குலத்தையோ ஊரையோ முதன்மைப்படுத்தவில்லை. கண்ணகிக்குத் தாம் இன்ன உறவு என்கின்றனர். வடவரசரை வென்று மீண்ட வேந்தன் முன் இது ஒன்றே அவர்தம் தகுதி. பின்னர் ஒவ்வொருத்தியும் அரற்றுகிறாள். இவ்வரற்றுகளைப் புலம்பல் என்றே பலரும் கொண்டனர். உற்று நோக்கின் இவை வீட்டுச் செய்திகள். தேவந்தி, அன்னையும் மாமியும் இறந்ததைக் கேட்டாயோ என்கிறாள். காவற்பெண்டு, மாசாத்துவானும் மாநாய்கனும் துறவு பூண்டதைக் கேட்டாயோ என்கிறாள். அடித்தோழி, மாதவியும் மணிமேகலையும் துறந்ததைக் கேட்டாயோ என்கிறாள். நெடுநாள் பிரிந்தவளைக் கண்ட சுற்றம், ஊரில் யார் இருக்கிறார், யார் போய்விட்டார் எனச் சொல்லும் பேச்சே இது. கோசிகன் கோவலனுக்குக் கொணர்ந்த செய்திகளுக்கு இணையான செய்திகள் கண்ணகிக்கு இப்போதுதான் வந்து சேர்கின்றன. புறஞ்சேரியில் அவளுக்கு மறுக்கப்பட்டது மாமலையில் கொடுக்கப்படுகிறது, கேட்பவள் தெய்வமாகிவிட்டாள்.

தேவந்தி தன் அரற்றில் கண்ணகியின் தீக்கனாவை நினைவுகூர்தல் மேலும் ஒரு நுட்பம். கனாத்திறம் உரைத்த காதையில் அதனைக் கேட்டும் பொருள் உணராதிருந்தேனே என்பது அவள் வருத்தம். புகாரில் பாதியில் நின்ற தோழியர் உரையாடல் மலைமேல் தொடர்கிறது.

நான்காம் அரற்றில் வினா மாறுகிறது. தேவந்தி ஐயையைக் காட்டி, இவளைக் காணாயோ என்கிறாள். இறந்தோரும் துறந்தோருமாகிய செய்திகளுக்குப் பின்னர், உயிரோடு நடந்து வந்து எதிரே நிற்கும் ஒருத்தி. அவளை மாமியின் மடமகள் என்று தேவந்தி குறிப்பது கவனத்திற்குரியது. புகார்ப் பெண் ஒருத்தி, வணிகக் குலத்துக் கண்ணகிக்கு இடைக்குல மாதரியை மாமியார் என்கிறாள். வழியில் கூடிய உறவைப் பிறந்த ஊரின் உறவு ஏற்றுக்கொண்டதற்கு இச்சொல்லினும் சான்று வேண்டா. உரைப்பாட்டு மடையின் செய்தியும் அரற்றின் செய்தியும் ஓரிடத்தில் முற்றும் ஒட்டவில்லை என்பதையும் இங்குச் சொல்லவேண்டும். மதுரை புகுந்தபின் பூசலைக் கேட்டனர் என்கிறது மடை. புகாரில் தாயர் அச்செய்தி கேட்டு மாய்ந்ததைத் தேவந்தி அறிந்திருக்கிறாள். மடை வேறொருவர் கைவண்ணமாகலாம் என்பார்க்கு இது ஒரு சான்றாகலாம். அவ்வாறாயின், அரற்றுகளைப் படித்த பழையவர் ஒருவர் இப்பெண்கள் எவ்வழி வந்தனர் என்னும் வினாவை எழுப்பி விடையும் எழுதிவைத்தார் என்றாகும். அவரை முதல் திறனாய்வாளர் எனலாம்.

இனி, கண்ணகியின் விடை. மின்னற்கொடி போலச் செங்குட்டுவனுக்குக் காட்சி தரும் அவள், பாண்டியன் தீதிலன் என்றும் தான் அவன் மகள் என்றும் கூறுகிறாள். மாநாய்கன் துறவைச் சொன்ன செவிலியின் முன் வேறொருவனைத் தந்தை என்பது, மெய்யாகவே கடுமையான சொல். இங்கு நிறுத்துவோர் சுற்றத்தாரின் நடை பயனற்றது என்றே கருதுவர். பாண்டியன் மீதான பழி நீங்குவதே அடிகள் நோக்கம் எனப் பலர் இங்கு நின்றுவிட்டனர். ஆனால் கண்ணகியின் கூற்று அங்கு முடியவில்லை. வேலவன் குன்றில் விளையாட்டை நான் நீங்கேன், தோழியரே, நீங்கள் எல்லீரும் என்னோடு வாருங்கள் என்று தொடர்கிறாள். உடனே வஞ்சி மகளிர் தம் ஆயத்தாரை அழைக்க, அம்மானை வரியும் கந்துக வரியும் ஊசல் வரியும் வள்ளைப் பாட்டும் வரிசையாக எழுகின்றன.

இப்பாட்டுகள் மூவேந்தரையும் வாழ்த்துவன. அதனால் காதைக்கு அப்பெயர். அம்மானை, பந்து, ஊசல் ஆகியன மணத்திற்கு முன்னர் ஆயத்தோடு ஆடும் பெண்களின் விளையாட்டுகள் என்பது போதிய அளவு எண்ணப்பெறவில்லை. ஐங்குறுநூற்றுத் தாய்க்கு மகள் விட்டுச்சென்றது பந்தும் பாவையும் கழங்கும். உடன்போக்கினால் குலைவது காதலன்று; ஆயத்தின் விளையாட்டு. மறுதரவுப் பத்தில் மகள் மீண்டாலும் மணமகளாகவே மீள்வாள். பந்தெறியும் சிறுமியாக மீளாள். கண்ணகியோ மலைமேல் தன் ஆயத்தை மீண்டும் கூட்டி விளையாட அழைக்கிறாள். மணமும் பிரிவும் நடையும் கொலையும் எரியும் நிகழ்வதற்கு முற்பட்ட நிலைக்கு அவள் சென்றுவிட்டாள். சிலம்பு கழித்து மணம் புகுந்து, சிலம்பால் கணவனை இழந்து, சிலம்பால் வழக்கு வென்றவள், இறுதியில் சிலம்பு கழியாச் சிறுமியின் பருவத்தில் நிற்கிறாள். பாண்டியன் மகள் என்னும் சொல்லும் இப்பொருளில் புதுப்பிறப்பின் சொல்லாகிறது. இடைச்சுரத்தில் திருப்பி அனுப்பப்பட்ட செவிலிக்கு இத்துறை இறுதியில் கொடுத்தது இதுதான்: கண்டாள்; ஆனால் வீட்டிற்கு அழைத்துச் செல்லமுடியாத இடத்தில் கண்டாள்.

நற்றாயரும் விடுபடவில்லை. வரந்தரு காதையில், மலைச்சுனை நீர் தெளிக்கப்பெற்றதும் அரட்டன் செட்டியின் இரட்டைப் பெண்மக்களும் சேடக் குடும்பியின் சிறுமகளும் முற்பிறப்பை உணர்ந்து அரற்றுகின்றனர். கண்ணகியின் தாயும் கோவலனின் தாயும் மாதரியும் அவளிடத்துக் கொண்ட அன்பினால் அவள் கோட்டமுள்ள நாட்டில் வந்து பிறந்திருக்கின்றனர். நடந்து வராதவர்கள் பிறந்து வந்தனர் என்பது அடிகளின் கற்பனைத் திறம். அகமரபின் மனைநீங்கா நற்றாய்க்கு வேறு வழி இல்லையன்றோ? மகளையும் மகனையும் வாராய் என இரு தாயரும் அழைக்க, மாதரி, வையைத் துறையிலிருந்து வந்தேன், சிறுவர் சொல்லக் கேட்டேன், மனையில் உன்னைக் காணேன், எங்கே ஒளித்தாய் என்கிறாள். முதுமகளின் சொல் குழந்தையின் வாயிலிருந்து வருவதால், கண்பொத்தி விளையாட்டின் வினா போலவே அது ஒலிக்கிறது. ஐங்குறுநூற்றுக் குன்று தமரிடமிருந்து ஒருவனை மறைத்து வைத்ததை நினைத்துக்கொண்டு இவ்விடத்தைப் படித்தல் வேண்டும். மாதரியின் வினாவிற்குக் கண்ணகி விடை கூறவில்லை. அடுத்து வேள்விச்சாலைக்குச் செல்லும் வேந்தனைப் பின்தொடராது அடிகள் கோட்டத்திற்குள் புகுகிறார். தேவந்திமேல் தோன்றிய தெய்வம், தமையன் பொருட்டு அரசையும் சுற்றத்தையும் துறந்து வெளியேறிய இளையோன் ஒருவனின் கதையை அவரிடமே சொல்லத் தொடங்குகிறது.